எதிரணிக்காக நான் பேசிய பன்னிரண்டு நிமிடங்கள்

வாசகரே, இத்தொடரின் சென்ற வாரங்களில் எல்லாம் உங்களை நான் நடுவர் நாற்காலியில் அமர்த்தியிருந்தேன். இந்த வாரம் அதிலிருந்து சற்று இறங்கி வாருங்கள். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்குத் தீர்ப்புச் சொல்லும் சுமை கிடையாது. கண்டதைக் கண்டபடி நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் காணவேண்டிய காட்சி இது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு துணிப்பந்தல். அதன் கீழ் வாடகைக்கு எடுத்த இரும்பு நாற்காலிகளில் இருநூறு பேர். பந்தலுக்குப் பின்னால் மஞ்சள் வண்ணம் அடித்த மனைக்கற்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. வண்ணம் இன்னும் காயவில்லை. அந்த வாடை பந்தல் வரை வருகிறது. மேடையில் ஒலிவாங்கியின் முன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுடன் நான் நிற்கிறேன். வயது இருபத்து மூன்று. வலக்கை உயர்ந்திருக்கிறது. வாயில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல் "ஆனால்".

அந்த இடத்தில் மின்சாரம் போயிற்று.

அதற்கு முந்தைய பன்னிரண்டு நிமிடங்களும், இந்த மனைகளை ஏன் வாங்கக்கூடாது என்பதை நான் விளக்கியிருந்தேன். அடுத்த பன்னிரண்டு நிமிடங்களில் ஏன் வாங்கவேண்டும் என்பதை விளக்குவதாக இருந்தேன். மனைகளை விற்பவர் என் தந்தையார். அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

எதிரணியை எழுப்பி நிறுத்துதல்

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் முடிவுகட்டுவதற்கு முன், என் பயிற்சியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல அனுமதி வேண்டும்.

வழக்காடு மேடையில் பேசுகிறவர்கள் இரு வகையினர். எதிரணியின் வாதத்தை நைந்த துணியைப்போல் இரு விரலால் தூக்கிக் காட்டிவிட்டுத் தம் பேச்சுக்குப் போய்விடுபவர் ஒருவர். அதே வாதத்தை எதிரணியே வியக்கும் அளவுக்கு முழு உயரத்தில் எழுப்பி நிறுத்தி, அதன்பின் அடிவாரத்தில் கைவைத்துச் சாய்ப்பவர் மற்றவர். நான் இரண்டாம் வகை. குட்டிச்சுவரைச் சாய்ப்பதில் எனக்கு என்றுமே ஆர்வம் இருந்ததில்லை.

கல்லூரியில் படித்த ஐந்து ஆண்டுகளில் பதினேழு கோப்பைகள் பெற்றேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எண்ணிக்கையாகச் சொல்கிறேன். கோப்பைகள் எங்கள் பாத்திரக்கடையின் மேல்தட்டில் இருக்கின்றன. இருமுறை வாடிக்கையாளர்கள் அவற்றுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை அப்பா விலை சொல்லியும்விட்டார்.

குரலுக்குக் காரணம் எங்கள் அரிசி ஆலை. நெல் அரைபடும் நேரத்தில் அதனுள் நின்று பேசினால், பேசுகிறவனுக்கே தன் பேச்சு கேட்காது. பள்ளி விடுமுறைகளில் அந்த இரைச்சலுக்குள் நின்று பேசிப் பழகினேன். பத்தடி தள்ளி மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டு, "தம்பிக்கு வயித்த வலிக்கா?" என்று கேட்டார். என் சொற்பொழிவு முதன்முதலாக மற்றொருவர் காதை எட்டிய நாள் அதுதான்.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை அம்பாசமுத்திரத்தில் நகர வாழ்வே சிறந்தது என்று பேசி வென்றேன். அதே வாரம் வெள்ளிக்கிழமை வேறோர் ஊரில் கிராம வாழ்வே சிறந்தது என்று பேசி வென்றேன். இரண்டு கூட்டங்களையும் கேட்ட பேருந்து நடத்துநர் ஒருவர், மறுவாரம் எனக்குப் பயணச்சீட்டுக் கிழிக்கும்போது, "தம்பி, செவ்வாக்கெழம சொன்னது பொய்யா, வெள்ளிக்கெழம சொன்னது பொய்யா?" என்று வினவினார்.

இரண்டுமே உண்மை என்றேன். அவர் மீதிச் சில்லறை தராமலே போய்விட்டார்.

அப்பாவின் மூன்றாவது தொழில்

எங்கள் குடும்பத்தின் முதல் தொழில் பாத்திரக்கடை. இரண்டாவது அரிசி ஆலை. மூத்த அண்ணன் கடையில் அமர்ந்தார். அடுத்தவர் ஆலையில் அமர்ந்தார். மூன்றாவது மகனாகிய என்னை எங்கே அமர்த்துவது என்று அப்பா ஓராண்டு யோசித்தார். நான் முதுகலைத் தமிழ் முடித்துவிட்டு வந்து நின்றபோது அந்த யோசனை மேலும் கடினமாயிற்று.

அந்த ஆண்டுகளில்தான் ஊரில் எல்லோரும் மனைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். கங்கைகொண்டான் பக்கம் தொழிற்சாலைகள் வரும் என்றொரு பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள் என்றொரு பேச்சு. அப்பா இரண்டையும் கேட்டுவிட்டுத் தமக்கே உரிய முறையில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"அரிசி வாங்குதவனுக்குப் பொங்கப் பாத்திரம் வேணும். பாத்திரம் வாங்குதவனுக்கு அத வைக்க வீடு வேணும்லா? அதையும் நாமளே வித்துருவோம்."

இவ்வாறு எங்கள் குடும்பம் மனை வணிகத்தில் இறங்கியது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து இறங்கியவர்கள் பலரைப் பிற்காலத்தில் சந்தித்திருக்கிறேன். அவர்கள் முடிவுகளும் ஏறத்தாழ இதே தரத்தில்தான் இருந்தன.

நிலத்தை அப்பா சித்திரை மாதத்தில் பார்த்தார். பிசானப் பருவத்து நெல் அறுத்து முடிந்து, வாய்க்காலை அடைத்திருந்த சமயம். காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றாமல் வரப்பின்மேல் நாற்பதடி நடந்து, குதிகாலால் தரையை இருமுறை இடித்தார்.

"என்னவே முத்தையா, பூமி எப்படி?"

முத்தையா எங்கள் தரகர். "இரும்பு அண்ணாச்சி" என்றார். அதன்பின் நாங்கள் வாங்கிய நிலங்கள் அனைத்தையும் அவர் இரும்பு என்றே சொல்லியிருக்கிறார்.

நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்தோம். நகருக்குத் தாத்தாவின் பெயர். சாலையை ஒட்டிய முதல் தெருவுக்கு அப்பாவின் பெயர். அடுத்த இரண்டும் அண்ணன்மாருக்கு. கடைசித் தெரு, வாய்க்காலை ஒட்டியது, ஆறுமுகம் தெரு. ஆறுமுகம் என்பவன் நான். அந்த வரிசை மனைகளுக்கு மட்டும் விலை மற்றவற்றில் பாதியாக வைக்கப்பட்டது. காரணம் கேட்டேன். "கடைசின்னா அப்படித்தாம்லே" என்றார் அப்பா. பெயரை மனத்தில் கொண்டு சொன்னாரா, இடத்தை மனத்தில் கொண்டு சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆவணி முகூர்த்தம்

ஆவணியில் நல்ல நாள் பார்த்து விற்பனைத் தொடக்க விழா வைத்தோம். பேருந்து நிலையத்திலிருந்து மக்களை அழைத்துவர நான்கு வேன்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. மூடி சரியாகப் பொருந்தாத காரணத்தால் எங்கள் கடையில் மூன்று ஆண்டுகள் நின்றவை. மதியத்துக்குத் தக்காளிச் சாதமும் அப்பளமும். பந்தலுக்கு நான்கு மின்விசிறிகள். ஜெனரேட்டர் வேண்டுமா என்று ஒலிபெருக்கிக்காரர் கேட்டதற்கு, "பகல்ல எதுக்குவே வெளக்கு?" என்று அப்பா மறுத்துவிட்டார்.

விழாவில் பேசும் பொறுப்பு எனக்கு. முதல்நாள் அப்பா கேட்டார்.

"என்னலே பேசப்போற?"

"ரெண்டு தரப்பையும் பேசப்போறேன்பா."

"நம்ம தரப்பு எது?"

"ரெண்டாவது."

"அப்பஞ் சரி."

அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். எங்கள் இருவர்மேலும் இதில் குறை கிடையாது.

ஒரு டம்ளர் தண்ணீர்

பேச்சைத் தூரத்திலிருந்து தொடங்கினேன். இந்த இடத்திலிருந்து பேருந்து நிலையம் எவ்வளவு தொலைவு, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு, ஓர் அவசரத்துக்கு மருத்துவர் எவ்வளவு தொலைவு என்று ஒவ்வொன்றாக வைத்தேன். அவை தலையாட்டியது. தலையாட்டும் அவை எனக்குப் பழக்கமானது, மேலும் கொடுத்தேன்.

மேடையில் நகரின் வரைபடத்தை எண்ணெய் வண்ணத்தில் எழுதிய பெரிய பிளைவுட் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே முதல் தெரு, கீழே கடைசித் தெரு. எனக்காக வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"பெரியோர்களே! மழை என்பது மனையின் எண்ணைப் பார்த்துப் பெய்வதில்லை. இதோ, அப்பாவின் தெருவில் பெய்கிறது!" என்று பலகையின் உச்சியில் தண்ணீரை ஊற்றினேன். அது பெரிய அண்ணன் தெருவைக் கடந்தது. சின்ன அண்ணன் தெருவைக் கடந்தது. ஆறுமுகம் தெருவுக்கு வந்து, பலகையின் கீழ்ச்சட்டத்தில் தேங்கி, அங்கிருந்து மேடை விளிம்புக்கு ஓடி, முன்வரிசையில் இருந்த அப்பாவின் செருப்பின்மேல் சொட்டியது.

"கடைசி வரிசையில் குடியிருப்பவன் எங்கே போவான்?" என்று கேட்டேன்.

பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கைதட்டல் எழுந்தது. அப்பாவும் தட்டினார், மற்றவர்கள் தட்டியதால். அந்தக் கைதட்டல் அடங்கும் கணத்தில்தான் வலக்கையை உயர்த்தி, "ஆனால்" என்றேன்.

வாசகரே, தொடக்கத்தில் உங்களைச் சாட்சியாக நிறுத்திய இடம் இதுதான். மின்விசிறிகள் மெல்லச் சுழன்று நின்றன. ஒலிபெருக்கி ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு ஓய்ந்தது.

அரிசி ஆலைக் குரல் இருந்ததே, தொடர்ந்து பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். அதற்குள் முத்தையா நல்லெண்ணத்துடன் எழுந்து, "கரண்டு வாரதுக்குள்ள எல்லாரும் சாப்புட்டுட்டு வந்துருங்க" என்று அறிவித்துவிட்டார். இருநூறு இரும்பு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்படும் ஓசையின் முன் எங்கள் ஆலை ஒன்றுமே இல்லை.

எழாத இருவர்

பந்தல் காலியானபின் பார்த்தால், மூன்றாம் வரிசையில் இருவர் எழாமல் இருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி. மடியில் இரண்டு தூக்குவாளிகள். நான் மேடையிலிருந்து இறங்கினேன்.

"சாப்பிட்டுவிட்டு வாருங்களேன்."

"நீங்க 'ஆனா'ன்னு சொன்னிய தம்பி" என்றார் அவர். "அதுக்குப் பொறவு உள்ளதக் கேக்கணும்னு இருக்கோம்."

"உணவு முடிந்ததும் சொல்லுவேன்."

"சாப்பாடு எங்கயும் போவாது. நீங்க போயிருவிய" என்றார் அந்த அம்மாள்.

கணவர் பெயர் சுடலைமுத்து. மனைவி பேச்சியம்மாள். மணிமுத்தாறு அணைக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருவருக்கும் வேலை. அன்று முதல் பேருந்தைப் பிடித்துக் கீழே இறங்கி வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது கடைசி வரிசையை. அங்கே போய்ப் பேசலாமா என்று கேட்டார்கள். போனோம்.

இருநூறு பேருக்கென்று ஆயத்தம் செய்த மறுப்புரையை இரண்டு பேருக்குச் சொல்வது அதற்கு முன் நான் செய்யாத காரியம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதே முதலில் விளங்கவில்லை. இருந்தாலும் முறையாகத் தொடங்கினேன்.

"ஆனால், நிலம் என்பது பலகை அன்று! பலகை நீரை வழியவிடும். நிலமோ நீரைக் குடிக்கும்."

சுடலைமுத்து குந்தி உட்கார்ந்து, மனைக்கல்லின் அடியிலிருந்து மண்ணைக் கிள்ளி, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"இது களி, தம்பி. குடிக்காது. வாயிலயே வச்சுக்கிட்டு இருக்கும்."

இரண்டாவது வாதத்துக்குப் போனேன். "வாய்க்கால் நமக்குப் பகைவன் இல்லை, காவலன். மிகுந்த நீரை ஏந்திச் செல்வதே அதன் கடமை."

"அதுவே நெறஞ்சு போச்சுன்னா எங்கன கொண்டுட்டுப் போவும்?" என்றார் பேச்சியம்மாள். "இங்கனதான்."

மூன்றாவது வாதம், உலகின் பெருநகரங்கள் அனைத்தும் நீர்க்கரையில் எழுந்தவை என்பது. அதைச் சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். சுடலைமுத்து எழுந்து நின்று முழுவதும் கேட்டார். "அது சரி தம்பி" என்றார். அதை அவர் மறுக்கவில்லை; மரியாதை காரணமாக இருக்கலாம்.

எதிர்பாராத வினா

தோற்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் பயிற்சி எனக்கு இல்லாவிட்டாலும், அதன் இலக்கணம் தெரியும். "ஐயா, நீங்கள் இதை வாங்கவேண்டாம். மேட்டில் ஒரு மனையைப் பாருங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார்.

"தண்ணி நிக்கும்னு வேன்ல இருந்து எறங்கும்போதே பாத்துட்டேன் தம்பி. இந்தா, கல்லச் சுத்திக் கோரை மொளச்சுக் கெடக்கு. காஞ்ச பூமியில கோரை எங்க மொளைக்கும்? மேட்டு மனை எங்களுக்கு எட்டாது. இந்த வரிசதான் எட்டுது."

"பிறகு என் பேச்சுக்காக ஏன் காத்திருந்தீர்கள்?"

"வார வைகாசியோட எனக்கு வேல முடியுது. தோட்டத்துல குடுத்த லைன் வீட்டக் காலி பண்ணிக் குடுத்துறணும். கீழ எங்களுக்குன்னு ஒரு சொவரு கெடையாது. கையில இருக்கது ஒரு தடவ வாங்க, ஒரு தடவ கட்டத்தான் காணும்." கையை முதலில் முழங்காலில் வைத்தார், பிறகு இடுப்பில் வைத்தார். "முழங்காலா, இடுப்பா? அத மட்டும் சொல்லுங்க. முழங்கால்னா அஸ்திவாரத்தத் தூக்கிக் கட்டிக்கிடுவோம். இடுப்புன்னா எங்களால ஆவாது. தண்ணி நிக்கும்னு அம்புட்டு வெவரமாச் சொன்னவரு, எம்புட்டு நிக்கும்னு அடுத்தால சொல்லுவாருன்னு இருந்தோம்."

தண்ணீர் தேங்கும் என்பதை நான் ஓர் அலங்காரமாக எழுப்பியிருந்தேன். அதற்கு அளவு ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கேட்டுச் சொல்கிறேன் என்று பந்திக்கு நடந்தேன். முத்தையா இரண்டாம் முறை சாதம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசையில் மழைக்குத் தண்ணீர் முழங்கால் அளவா, இடுப்பளவா?"

"தண்ணியா? ஏன் தம்பி வாயால கெடுக்கிய? இரும்பு பூமி."

"மழைக்காலத்தில் பார்த்தீரா?"

"மழையில யாரு தம்பி நெலம் பாப்பா?"

அப்பாவிடம் போனேன். எங்கள் குடும்பத்தில் எவரும் அந்த நிலத்தை ஐப்பசியில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா நான் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, வாரவன் பூரா தண்ணி தண்ணிங்கான். கரண்டு வந்ததும் மேல ஏறி மிச்சத்தச் சொல்லு. ஊத்துன நீதாம்லே தொடைக்கணும்."

மீண்டும் மேடை

மின்சாரம் வந்தது. சாப்பிட்டு வந்த அவை, சாப்பிட்ட அவைக்கே உரிய பெருந்தன்மையுடன் அமர்ந்தது. பலகையில் தண்ணீர் காய்ந்து, முதல் தெருவிலிருந்து கடைசித் தெரு வரை ஒரு வெளிறிய கோடு மட்டும் இருந்தது. நான் ஒலிவாங்கியின் முன் நின்று, "ஆனால்" என்றேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

மறுப்புரை முழுவதும் தொண்டையில் ஆயத்தமாக இருந்தது. சொல்லியிருந்தால் அந்த இருநூறு பேரில் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரிடம் நிச்சயமாக வென்றிருப்பேன். மற்ற இருவரும் மூன்றாம் வரிசையில் அதே நாற்காலிகளில் இருந்தார்கள்.

"பெரியோர்களே, நான் கூற இருந்த மூன்று வாதங்களையும் உணவு வேளையில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தோற்றன. கடைசி வரிசையில் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. என் தந்தையாருக்கும் தெரியாது. தெரியும் வரை அந்த வரிசை விற்பனைக்கு இல்லை. மற்ற வரிசைகளைப் பார்த்து விரும்பியதை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்."

தெரியாது என்ற சொல்லை ஒரு மேடையில் நான் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. கைதட்டல் நன்றாகவே இருந்தது. அதை நான் கவனிக்காமல் இல்லை. உண்மை பேசுவதற்கு இவ்வளவு வரவேற்பு இருக்குமானால் முன்பே முயன்றிருக்கலாமோ என்றுகூட எண்ணிக்கொண்டு இறங்கினேன்.

அன்று மனைக்குப் பதிவு செய்தவர்கள் சிலர். தூக்குவாளி வாங்கிச் சென்றவர்கள் எல்லோரும்.

அப்பா என் அருகில் வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு மூணு மவன். ரெண்டு பேரு வாயே தொறக்க மாட்டானுவ. அது நான் செஞ்ச புண்ணியம்னு இன்னைக்குத்தாம்லே தெரியுது."

பேச்சியம்மாள் கேட்டது

வேன்கள் புறப்படத் தொடங்கின. சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார்கள். நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து அதற்கேற்ற முகத்துடன் நின்றேன்.

"நல்லாப் பேசினிய தம்பி" என்றார் பேச்சியம்மாள். "எல்லாரும் கைதட்டுனாவ. எங்களுக்குன்னு இருந்தது ஒரு வரிச. அதையும் இல்லன்னு சொல்லிட்டிய."

"உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தானே அம்மா..."

"யாரு கேட்டா? வாங்காதன்னு சொல்லுங்கன்னா கேட்டோம்? எம்புட்டு தண்ணின்னுதான கேட்டோம்?"

"விடு பிள்ள" என்றார் சுடலைமுத்து. "பைய வா, வண்டி போயிரும்."

"இருங்க, ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்." பேச்சியம்மாள் என்னிடம் திரும்பினார். "தெரியுத வரைக்கும் விக்க மாட்டோம்னு சொன்னியளே, யாருக்குத் தெரியுத வரைக்கும்? நாங்க மலையில இருப்போம். எங்களுக்கு லீவு கெடையாது. உங்க புரோக்கரு மழையில நெலம் பாக்க மாட்டாராம், இப்பத்தான் சொல்லுதாரு. உங்க அப்பா செருப்பக் கழட்டிச் சேத்துல எறங்க மாட்டாரு. தண்ணி வரும்போது நீங்க எங்க இருப்பிய? டவுன்ல மாடி வீட்டுல இருந்துக்கிட்டு, ஜன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டு, தெரியல தெரியலன்னு சொல்லுவிய. வைகாசி வந்துரும்."

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வேன் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அப்பாவும் முத்தையாவும் நாற்காலிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கு ஒரு மறுப்புரை இருக்கும் என்று தேடினேன். வழக்கமாக அந்த இடத்தில் மூன்று இருக்கும். ஒன்றுகூட இல்லை. அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது வாய் தானாகத் திறந்தது. வந்தது மேடைத் தமிழும் அன்று. அப்பாவுக்கும், முத்தையாவுக்கும், வேனுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்:

"ஐப்பசி பொறந்த அன்னைக்கு இந்தக் கடைசி வரிசையில ஒரு ஓலைக் கொட்டகை போட்டு உக்காருதேன். கார்த்திகை முடியுத வரைக்கும் இங்கனதான் கெடப்பேன். தண்ணி வந்தா எந்திரிச்சு நிப்பேன், ஓடிப் போவ மாட்டேன். முழங்காலா இடுப்பான்னு நானே மலையேறி வந்து உங்க லைன் வாசல்ல நின்னு சொல்லுதேன். அதுவரைக்கும் நீங்க பாத்த மனைய வேற ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன்."